வழியனுப்பியாகிவிட்டது

என் அக்கா நீடியாவும் அத்தான் வால்டெமாரும் பழைய பள்ளிப் பேருந்து ஒன்றில் அலாஸ்காவுக்குக் கிளம்பினார்கள். இரண்டு வருடப் பயணம். உள்ளே கட்டிலும் அடுப்பும் வெல்டிங் செய்து கொடுத்தவன் நான். எங்கள் ஊர் மேலோவிலிருந்து யாரும் அவ்வளவு தூரம் போனதில்லை என்பதால், முழுக் கன்றைச் சுட்டு விருந்து வைத்தோம். பேக்கரி சுல்மா தேம்பித் தேம்பி அழுதாள். கிளப்பில் அத்தானோடு சீட்டாடும் ஒலெகாரியோ தன் அப்பாவின் கத்தியையே அவருக்குக் கொடுத்துவிட்டான். வீட்டை மருந்துக்கடை அம்மாவுக்கு வாடகைக்கு விட்டு, சாவியை ஒப்படைத்து, எல்லோரையும் கட்டிப்பிடித்து வண்டியைக் கிளப்பினார்கள்.

பதினொரு மீட்டர் போயிருக்கும். கியர்பாக்ஸ் போயிற்று.

புதிய பாகம் பிரேசிலிலிருந்து வர ஆறு வாரம் ஆகும் என்றார்கள். சொந்த வீட்டுக்கு எதிரிலேயே பேருந்தில் குடியிருந்தார்கள். முதல் நாள் ஊர் சிரித்தது. இரண்டாம் நாள், எதிரே வந்தவர்கள் பாதை மாறிப் போனார்கள். மூன்றாம் நாள் அத்தான் பேக்கரிக்குப் போனார். நானும் கூடப் போயிருந்தேன்.

"எப்பவும் போல ரெண்டு குடு, சுல்மா."

"எப்பவும் போலன்னா? யாரு நீங்க?"

"ஏய், நான்தான் வால்டெமார்!"

"வால்டெமார் அலாஸ்கா போயிட்டாரு. அன்னிக்கு எப்படி அழுதேன் தெரியுமா? அழுத அழுகைய இப்ப திருப்பி வாங்கிக்கவா?"

கிளப்பில் அவர் நாற்காலியில் வேறு ஆள். கத்தியைத் திருப்பித் தருவதாகச் சொன்னதற்கு ஒலெகாரியோ பதறிப்போனான். "போனவனுக்குக் குடுத்தத நான் எப்படி வாங்குவேன்? அவன் வந்தா என்ன நினைப்பான்?"

அத்தான் இடிந்து போய்த் திரும்பினார். அக்கா மட்டும் மாத்தே டீயை உறிஞ்சியபடி நிதானமாகச் சொன்னாள்:

"ஊரு சொல்றது சரிதான். நாம போயாச்சு. இது நம்ம மொத ஊரு."

அன்றே பயணக் குறிப்பேட்டைத் திறந்து எழுதினாள்: 'மேலோ. மக்கள் நல்லவர்கள், கொஞ்சம் கூச்சம்.'

சனிக்கிழமை துண்டும் சோப்புமாகச் சொந்த வீட்டுக் கதவைத் தட்டி, குளிக்க இடம் கேட்டார்கள். மருந்துக்கடை அம்மா அன்பாக உள்ளே விட்டாள்.

"டைல்ஸ் ரொம்ப அழகா இருக்கே?" என்றாள் அக்கா.

"முன்னாடி இருந்தவங்க போட்டது. அந்தம்மாவுக்கு நல்ல ரசனை. புருஷன்தான் சோம்பேறி போல, குழாய் ஒழுகுது பாருங்க."

அத்தான் போய் ஸ்பானர் எடுத்து வந்தார். அரை மணியில் ஒழுகல் நின்றது.

வெளியே வந்ததும் அக்கா பிடித்துக்கொண்டாள். "பதினோரு வருஷமா கத்துனேனே, மனுஷா!"

"அப்ப நான் வீட்டுக்காரன். இப்ப விருந்தாளி. சும்மா குளிச்சுட்டுப் போக முடியுமா?"

அதற்குப் பிறகு அவரைப் பிடிக்க முடியவில்லை. கழுத்தில் கேமராவோடு ஊர் முழுக்கச் சுற்றினார். முப்பத்தொரு வருடம் குமாஸ்தாவாக இருந்த வாகனப் பதிவு அலுவலகத்துக்கே வழி கேட்டுப் போய்ப் படமெடுத்தார். "அங்க வேலை பாக்கறவங்க எவ்வளவு தங்கமானவங்க!" என்று என்னிடம் வியந்தார். அங்கிருந்த நாளெல்லாம் அவர்களைத் திட்டாமல் அவர் சாப்பிட்டதில்லை.

பாகம் வந்தது. இரண்டு நாளில் மாட்டிக் கொடுத்தேன்.

"இன்னும் ரெண்டு வாரம் இருப்போமே, நீடியா. சந்தைத் தெருவ இன்னும் பாக்கல."

"நீ பொறந்ததே அந்தத் தெருவுலதான்."

"அப்ப கைக்குழந்தை. சரியா கவனிக்கல."

அக்கா ஸ்டியரிங் முன்னால் உட்கார்ந்தாள். வழியனுப்ப நான் ஒருவன்தான். போனவர்களை எத்தனை முறை அனுப்புவது? சுல்மா மட்டும் ஒரு பை ரொட்டியோடு ஓடிவந்து ஜன்னல் வழியாகத் திணித்தாள்.

"எந்த ஊருக்காரங்களோ, பாத்துப் போங்க!"

அத்தான் ரொட்டியை மடியில் வைத்துக்கொண்டு வாய்விட்டு அழுதார். அக்கா ஹாரனை ஒருமுறை அடித்துவிட்டு முக்கில் திரும்பினாள்.

போன வாரம் அக்கா பெருவிலிருந்து போனில் பேசினாள். ஏதோ ஒரு மலையூரில் மூன்று மாதமாக நிற்கிறார்களாம். வண்டிக்கு ஒன்றுமில்லை. அத்தான் அந்த ஊர் பாண்டு குழுவில் பெரிய டிரம் அடிக்கிறார். கிளம்புகிறோம் என்று அந்த ஊராரிடம் சொல்லப் பயமாக இருக்கிறதாம்.