முத்துசெல்வி ஏற்றிய சாஃப்ட்வேர்

தென்காசிக்குப் பக்கத்து மேலகரத்தில் கல்யாண ஆல்பம் செய்துகொடுக்கும் ஒரு ஸ்டூடியோவில் முத்துசெல்விதான் டிசைனர். கண் எரிகிறதே என்று, திரையின் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்க ஒரு சாஃப்ட்வேரை ஆயுத பூஜைக்கு முதல் நாள் ஏற்றினாள். பூஜை முடிந்து மறுநாள் கம்ப்யூட்டரைப் போட்டால் மானிட்டருக்குப் பேய் பிடித்திருந்தது. வெளிச்சம் தானாக ஏறியது, தானாக இறங்கியது. மாப்பிள்ளை முகம் ஒரு நேரம் நீலம், ஒரு நேரம் பச்சை. சாஃப்ட்வேரை அழித்தும் பார்த்தாள். ஆட்டம் நிற்கவில்லை.

முதலாளி கோமதியம்மாளுக்கு வாய் கொஞ்சம் நீளம். மனசு தங்கம் என்று ஊர் சொல்லும். எதிரே நின்று திட்டு வாங்குகிறவளுக்கு மனசா தெரியும்?

"கண்டதையும் ஏத்தி என் மிஷின நாசமாக்கிட்டியேட்டி. நாளைலருந்து நீ வர வேண்டாம்."

அதோடு விட்டாளா? ஆல்பம் கேட்டுப் போன் செய்த பெண் வீட்டாரிடமும், "எங்க கடைப் பிள்ளை மானிட்டரக் கெடுத்துட்டா" என்று சொல்லிவிட்டு, குற்றாலத்தில் ஒரு விசேஷத்துக்குக் கிளம்பிப் போனாள்.

வேலை போனால் இன்னொன்று தேடலாம். மிஷினைக் கெடுத்தவள் என்று பெயர் வாங்கியவளைத் தென்காசியில் எந்த ஸ்டூடியோ உள்ளே விடும்? முத்துசெல்வி செல்போனில் தேடினாள். அந்தக் காலத்துக் குண்டு மானிட்டர்கள் தப்பான செட்டிங்கால் கெட்டதுண்டு என்று யாரோ எழுதியிருந்தார். படித்ததும் அவளுக்கே தன்மேல் சந்தேகம் வந்துவிட்டது.

கூடப் படித்த ஜெஸி தென்காசியில் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடையில் இருக்கிறாள். விஷயத்தைக் கேட்டதும் சாப்பாட்டுக்குக்கூட உட்காராமல் பஸ் ஏறி வந்துவிட்டாள். வந்தவள் செய்த முதல் வேலை, கம்ப்யூட்டரிலிருந்து மானிட்டருக்கு வரும் வயரைப் பிடுங்கியதுதான். அப்போதும் திரையில் மெனு தானாக வந்தது, வெளிச்சத்தின் எண்கள் ஓடின.

"பாத்தியாட்டி, கம்ப்யூட்டரே இல்லாம ஆடுது. உன் சாஃப்ட்வேர் வச்ச செட்டிங் அப்படியே நின்னாலும் நிக்கும். இப்படி யாரோ பட்டன அமுக்குத மாதிரி ஆடாதுல்லா."

இருவரும் பட்டனைத் தேடினார்கள். சட்டத்தின் கீழ் விளிம்பில், தொட்டாலே வேலை செய்யும் பட்டன்கள். அவற்றின் மேல் கொழகொழவென்று அப்பிய சந்தனம், நடுவில் குங்குமம். பூஜையில் வைத்த பொட்டைத் துடைக்கக் கூடாது, தானாக உதிர வேண்டும் என்பது கடை வழக்கம். அதனால் அது கண்ணெதிரே இருந்தும் யாரும் அதைப் பார்க்கவில்லை.

ஜெஸி நீட்டிய கையை மடக்கிக்கொண்டாள். "நான் தொடலாமாட்டி? சாமிக்கு வச்சதுல்லா."

முத்துசெல்வியும் தொடவில்லை. அதை வைத்த கை யாருடையது என்று அவளுக்குத் தெரியும். முதலாளியிடமே இதை எப்படிச் சொல்வது என்று இப்போது பயம் வேறு மாதிரி வந்தது.

சாயங்காலம் கோமதியம்மாள் வந்ததும் ஜெஸி ஒளிக்காமல் சொன்னாள். வயரைப் பிடுங்கியும் காட்டினாள். கோமதியம்மாள் குனிந்து பட்டன்களைப் பார்த்தாள்.

"விரல் படாமலே அமுக்குமா?"

"ஈரம் பட்டாலே போதும்க்கா."

கோமதியம்மாள் சுவிட்சை அணைத்தாள். கன்னத்தில் போட்டுக்கொண்டு, ஜெஸி கொடுத்த துணியால் தானே துடைத்தாள். காய விட்டுப் போட்டபோது மாப்பிள்ளைக்கு மனுஷ நிறம் திரும்பியிருந்தது. முத்துசெல்வி ஜெஸியின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டாள்.

"விடுட்டி, எனக்குப் பசிக்குது," என்றாள் ஜெஸி.

சரி, வேலையைப் பார் என்று கோமதியம்மாள் முடித்துவிடுவாள் என்றுதான் முத்துசெல்வி நினைத்தாள். அவளோ செல்போனை எடுத்துப் பெண் வீட்டாரை அழைத்தாள்.

"ஆல்பம் வந்துரும். அதுக்குக் கூப்பிடல. எங்க பிள்ளை ஒண்ணும் கெடுக்கல. நான் வச்ச சந்தனம் பட்டன்ல இறங்கிட்டு. யோசிக்காம பழிய அவ மேல போட்டது நாந்தான். நீங்க யார்ட்டயாவது சொல்லிருந்தா அவங்கட்டயும் இதச் சொல்லிருங்க."

வாங்கிய திட்டெல்லாம் அந்த நிமிஷமே முத்துசெல்விக்கு மறந்துபோனது. "காப்பி வாங்கிட்டு வரட்டுமாக்கா?" என்று கேட்டாள்.