ஜப்பான் புடவை

மடவளையில் எனக்குப் புடவைக் கடை இருந்தது. புடவை என்றால் எங்கள் ஊரில் எல்லாத் துணியும்தான். பூப்போட்ட ஜப்பான் சீத்தைத் துணி மலிவாக வந்த அந்தக் காலத்தை நினைத்தால் இன்றைக்கும் மனம் குளிரும். பெருநாளைக்கு ஊர்ப் பெண்பிள்ளைகள் எல்லாருக்கும் ஒரே சுருளிலிருந்து கிழித்த சட்டைதான். ஒரு மழையில் நனைந்தால் போதும், சாயம் இறங்கிக் கழுத்தெல்லாம் சிவந்துவிடும். யாரும் சண்டைக்கு வந்ததில்லை. அடுத்த பெருநாளைக்கு இன்னொன்று வாங்கினால் போயிற்று!

அது வெள்ளைக்கார அரசாங்கத்துக்குப் பொறுக்கவில்லை. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்து நான்கில் ஜப்பான் துணிக்கு வரம்பு கட்டியது. இங்கிலாந்து ஆலைகள் பிழைக்க வேண்டுமாம். ரப்பர் விலை விழுந்து ஊரே கையைப் பிசைந்துகொண்டிருந்த நேரம் அது. நாங்கள் அம்மணமாகத் திரிந்தால் அவர்களுக்கென்ன? துணி விலை ஏறியது. வந்தவர்கள் எல்லாம் என்னைத்தான் ஏசினார்கள். நான் அரசாங்கத்தை ஏசிக்கொண்டே சீமைத் துணியை அளந்து கிழித்தேன்.

ஒருநாள் ஊர்க் கிழவி ஹவ்வா உம்மா வந்தார். செத்தபின் தன் மையித்தைச் சுற்றிக் கபுருக்குழியில் இறக்கப்போகும் கஃபன் புடவையை உயிரோடு இருக்கும்போதே வாங்கிப் பெட்டியில் வைத்துக்கொள்கிறவர்கள் அப்போது இருந்தார்கள். கஃபனுக்கான வெள்ளைத் துணியின் விலையைக் கேட்டதும் அவர் முகம் சுருங்கியது.

"ஜப்பான் வெள்ள இல்லயா மகன்?"

"அது இப்ப வாறதில்ல உம்மா. இது சீமைச் சரக்கு. எத்தின வருஷம் கழுவினாலும் நூல் இளகாது."

எல்லாரிடமும் சொல்லிச் சொல்லிப் பழகிய பாட்டு, வாய் தானாகச் சொல்லிவிட்டது.

அவர் துணியைத் தடவிப் பார்த்தார்.

"கபுருக்குள்ள ஆரு மகன் கழுவப் போற?"