சீட்டின் பின்பக்கம்

“யாரா இருக்கும்டி? நீயே சொல்லு பாப்போம்” என்று கேட்டுக்கொண்டே பெரியம்மா புண் பிடித்த காலை அவள் மடியில் தூக்கிப் போட்டாள், கடைக்குப் போய்வந்த பையை மேசைமேல் போடுவது போல… அவள் பழைய கட்டைப் பிரித்தாள், கடைசிச் சுற்று சீழோடு ஒட்டிக்கொண்டு வந்தது, மூச்சை அடக்கிக்கொண்டாள், இன்னும் அரைமணி நேரத்தில் வேலைக்குக் கிளம்ப வேண்டும், பரிசோதனைக்கூடத்தில் பத்து வருஷமாக ஊரார் சளியையும் மலத்தையும் கண்ணாடித் துண்டில் தடவிப் பார்த்துவிட்டு கையைக் கழுவிக்கொண்டு நிம்மதியாகச் சாப்பிடுகிறவள், இங்கே மட்டும் ஏன் தொண்டைவரை வருகிறது? புண்ணாலா, புண்ணுக்கு மேலே இருக்கிற வாயாலா? மெதுவாத் துடை, உங்கம்மாவுக்கும் இதே முரட்டுக் கைதான், அதான் உங்கப்பன் ஓடிப்போனான் என்றது அந்த வாய், பன்னிரண்டு வயதில் அவள் இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து தட்டைப் பார்த்துப் பார்த்து இந்த வயித்துக்கு அடியே கிடையாதா என்று கேட்ட வாய்… சபிக்கிறவர்களை ஆசீர்வதியுங்கள், சரி ஆண்டவரே, கை ஆசீர்வதிக்கிறது, மருந்து போடுகிறது, பஞ்சு வைக்கிறது, வயிறுதான் சொன்ன பேச்சு கேட்கவில்லை, அன்பு என்பது வயிற்றிலும் இருக்க வேண்டுமா என்ன?

அதைத்தான் ஜெபச் சீட்டில் எழுதியிருந்தாள். சபையில் மாதம் ஒருமுறை பெயர் போடாமல் எழுதிப் பெட்டியில் போடுவார்கள், ஆளுக்கு ஒன்று எடுத்து, யாரென்றே தெரியாத அந்த ஒருவருக்காக மாதம் முழுக்க ஜெபிப்பார்கள், நடக்க முடியாதவர்களுக்குப் போதகரின் மனைவி வீட்டுக்கே கொண்டுவந்து கொடுப்பார், அத்தனை குடும்பம் இருக்கிற சபையில் அந்தச் சீட்டு இந்தக் கட்டிலுக்கா வந்து சேர வேண்டும்! பெரியம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மறுபடியும் வாசித்தாள், ‘என் வீட்டில் ஒருத்தியைப் பார்த்தாலே குமட்டுகிறது, நேசிக்கப் பெலன் வேண்டும்.’ பாவம்டி, எப்பேர்ப்பட்ட பிசாசோட குடும்பம் நடத்துறாளோ, ரெண்டு வாரமா விடியறதுக்கு முன்னால எழுந்து அவளுக்காகத்தான் வேண்டிக்கிறேன் என்றாள். விடிகாலையில் சுவருக்கு அப்பால் கேட்ட முணுமுணுப்பு… தன்னைத்தான் திட்டுகிறாள் என்று தலையணையால் காதைப் பொத்திக்கொண்டிருந்தாளே, அது இதுவா? இந்த உலகத்தில் தனக்காக முழங்காலில் நின்ற ஒரே ஆள் இவளா, இந்தக் காலோடா? அருவருப்பு இப்போது புண்ணைவிட்டு நகர்ந்து அவளுடைய கைகளிலேயே வந்து உட்கார்ந்தது, பொறுமையான, சுத்தமான, எல்லோரும் மெச்சுகிற கைகள்.

எழுத்தைக் கண்டுபிடிக்க முடியாது, அச்சு மாதிரி எழுதியிருந்தாள். நிமிர்ந்தபோதுதான் பெரியம்மா விரித்துப் பிடித்திருந்த சீட்டின் பின்பக்கம் கண்ணில் பட்டது, பரிசோதனைக்கூடத்துப் படிவம், நீல எழுத்தில், ‘மாதிரி பெறப்பட்ட நேரம்’… கையில் கிடைத்த தாளைக் கிழித்த புத்தி. அதே தாளில்தான் இந்தக் கட்டிலுக்கு மருந்து நேரம் எழுதிச் சுவரில் ஒட்டியிருக்கிறாள். பெரியம்மா சுவரைப் பார்க்கவில்லை, சீட்டை நாலாக மடித்து வேதாகமத்துக்குள் வைத்தாள், காலை எடுக்கவில்லை, அது மடியில் கனத்தது.

“எழுதினவளை நான் பாத்துக்கறேன். குமட்ட வைக்கிறாளே, அவளுக்கு யாரும்மா இருக்கா? அவளுக்காக நீ ஒரு ஜெபம் பண்ணேன். வாய்விட்டுப் பண்ணு, எனக்குக் கேக்கணும்.”