சம்பந்திக்குக் கடைமீன் வைப்பதில்லை

பஸ்ரியன் வாய்க்கு வந்ததைப் பேசுகிற மனிதர் அல்லர். எழுபத்திரண்டு வயதிலும் கோயில் வாங்கில் சாயாமல் நிமிர்ந்து இருப்பவர். ஒரு சொல்லைச் சொன்னால் அதை நிறைவேற்றிவிட்டுத்தான் அடுத்த வேலை பார்ப்பார். அப்படிப்பட்டவருடைய வாயிலிருந்து அந்த ஞாயிற்றுக்கிழமை தொலைபேசியில் ஒரு பேச்சு வந்து விழுந்தது. விழுந்ததைத் திருப்பி எடுக்க வழியில்லை.

மறுமுனையில் இருந்தவர் சூசைதாசன். மீனுக்குப் பேர்போன மன்னார் ஆள், கனடாவில் பிக்கரிங்கில் வீடு. அவருடைய மகன் நிசாந்தனும் பஸ்ரியனுடைய மகள் ஸ்டெபனியும் ஒருவரை ஒருவர் விரும்பி, இரண்டு வீட்டிலும் சொல்லி, இரண்டு வீடும் மறுக்காமல், பெரியவர்கள் முகம் பார்த்துப் பேசுவது மட்டுமே மீதி என்ற நிலை. வெள்ளிக்கிழமை மத்தியானம் மில்லிக்கனிலுள்ள பஸ்ரியன் வீட்டுக்குச் சாப்பிட வர ஒப்புக்கொண்ட சூசைதாசன் நல்ல மனத்தோடுதான் சொன்னார். வெள்ளிக்கிழமை இறைச்சி இல்லைத்தானே, சிரமப்பட வேண்டாம், ஒரு பருப்பும் மரக்கறியும் போதும் என்றார்.

அந்தப் 'போதும்' பஸ்ரியனுக்குச் சுருக்கென்று தைத்தது. பெண் வீட்டாருக்கு அதற்குமேல் ஏலாது என்று நினைத்துவிட்டாரோ?

"மீன் இருக்கும்," என்றார். "எங்கடை வீட்டிலை சம்பந்திக்குக் கடைமீன் வைக்கிற வழக்கம் இல்லை. பிடிச்ச மீன்தான்."

பக்கத்தில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த மக்டலீன் கத்தியைக் கீழே வைத்தார். நாற்பது வருடமாகப் பஸ்ரியனுக்கு மனைவியாக இருக்கிறவர். கணவர் தொலைபேசியை வைக்கும்வரை பொறுத்திருந்துவிட்டுக் கேட்டார்.

"உந்த வழக்கம் எப்ப தொடக்கம்?"

"இண்டையிலை இருந்து."

பஸ்ரியனுடைய தகப்பன் வழியில் யாழ்ப்பாணத்துப் பாசையூரில் வள்ளம் வைத்திருந்தவர்கள் உண்டு என்பது உண்மை. ஆனால் பஸ்ரியன் கனடாவில் கார்ப் பாகங்கள் செய்யும் தொழிற்சாலையில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். பென்சன் எடுத்த பிறகுதான் தூண்டில் தடி வாங்கினார். அறுபத்தைந்து வயதுக்கு மேல் மீன்பிடிக்கக் காசு கட்டி அனுமதி எடுக்கத் தேவையில்லை, அடையாள அட்டை போதும் என்று கேள்விப்பட்டபோது, இந்த அரசாங்கத்துக்கு மூத்தவர்களின் மரியாதை தெரியும் என்று மெச்சிக்கொண்டார். அதன்பின் புழு குத்தி, உள்ளங்கை அகலத்தில் வட்ட வட்டமான மீன்கள் சில பிடித்திருக்கிறார். அவற்றைப் பொரித்து ஒரு மன்னார்க்காரர் முன்னால் வைத்தால் அவர் ஒன்றும் சொல்லமாட்டார். சாப்பாட்டுக் கோப்பையைப் பார்ப்பார், பிறகு மகனைப் பார்ப்பார். அந்தப் பார்வை ஒன்றே போதும்.

கோப்பைக்கு நீளமான மீன் வேண்டும். அது பைக் மீன்தான்.

பைக்கைத் தூண்டில் கூட்டாளி ஜெனாட் 'கனடாச் சீலா' என்பார். சீலாவைப் போலவே நீண்ட உடம்பு, வாத்தின் அலகு மாதிரி முகம், வாய் நிறைய ஊசிப் பல். ஜெனாட் முன்பு பஸ் ஓட்டியவர். பஸ்ரியனைவிடச் சில வயது இளையவர், ஆனபடியால் வாயும் கொஞ்சம் நீளம். புழுவுக்குப் பைக் திரும்பியும் பார்க்காது என்று சொல்லி, தன் பெட்டியிலிருந்து ஒரு பொய்மீனை எடுத்துக் கொடுத்தார். விரல் நீளம், பச்சை முதுகு, வெள்ளி வயிறு. தாடையில் கண்ணாடி போல ஒரு சின்னத் தகடு. வயிற்றிலும் வாலிலும் மும்முனை முட்கள் தொங்கின. தண்ணீரில் விட்டால் மிதக்காது, தாழாது, விட்ட ஆழத்திலேயே நிற்கும் என்றார்.

செவ்வாய்க்கிழமை இருவரும் பிக்கரிங்கில் ஏரியோடு சேர்ந்த பிரெஞ்ச்மன்ஸ் குடாவுக்குப் போனார்கள். பஸ்ரியன் தங்கூசி நரம்பின் நுனியில் தடித்த கம்பி ஒன்றைக் கட்டியிருந்தார். மீன் அறுத்துக்கொண்டு போனால் மானக்கேடு அல்லவா? அந்தப் பாரத்தில் பொய்மீன் தலையைக் குனிந்துகொண்டு, சேற்றில் இழுபடும் செருப்பைப் போல வந்தது. ஜெனாட் அதைக் கழற்றி, மெல்லிய கம்பியும் சின்னக் கிளிப்பும் போட்டுக் கொடுத்தார். மூக்கு வளையத்தைக் குறட்டால் ஒரு மயிரளவு வளைத்து, ஒரு பக்கம் சாய்ந்து ஓடியதையும் நேராக்கினார். இதெல்லாம் கருவி சம்பந்தப்பட்ட விஷயம். பஸ்ரியன் மறுப்புச் சொல்லவில்லை.

இழுக்கும் முறையில்தான் பிணக்கு வந்தது. பஸ்ரியன் எறிந்தார். தோளை நிமிர்த்தி, றீலைச் சீராகச் சுற்றினார். பொய்மீன் ஒரே வேகத்தில், ஒரே நேர்கோட்டில், குறை சொல்ல இடமில்லாமல் கரைக்கு வந்து சேர்ந்தது. அவருக்குப் பெருமையாக இருந்தது.

"அண்ணை, சுற்றுப்பிரகாரத்திலை தோளிலை மாதா சுருவம் கொண்டுபோற மாதிரியெல்லோ இழுக்கிறியள்," என்றார் ஜெனாட். "ஆடாமல் அசையாமல் வந்தால் பைக் கும்பிட்டுப்போட்டு விலத்தி நிக்கும். அடிபட்ட மீன் மாதிரி வரவேணும். தடி நுனியாலை ரெண்டு சுண்டு சுண்டிப்போட்டு, அப்பிடியே விடுங்கோ. நிக்கிற நேரத்திலைதான் அது அடிக்கும்."

எவ்வளவு நேரம் நிற்க வேண்டும் என்று பஸ்ரியன் கேட்டார். அதற்கு ஜெனாட் வைத்திருந்த அளவு அவருக்குப் பிடிக்கவில்லை. கோடையில் மாதாவுக்குச் சொல்லும் அருள்நிறை மந்திரத்தில் பாதி, இப்படித் தண்ணீர் குளிர்ந்த ஐப்பசியில் ஒரு மந்திரம் முழுதாக, அவசரப்படாமல் சொல்லி முடியும்வரை என்றார் ஜெனாட். தான் வருடக்கணக்காக அப்படித்தான் என்றும், ஒரு நாளைக்கு ஐந்தாறு செபமாலை தூண்டிலோடேயே முடிந்துவிடும் என்றும் சிரித்தார்.

தூண்டில் முள்ளுக்கு மாதாவின் மந்திரத்தை அளவுகோலாக வைக்கும் பழக்கம் தன் குடும்பத்தில் இல்லை என்று பஸ்ரியன் அறுத்துச் சொல்லிவிட்டார். அடிபட்ட மீனாக நடிப்பதும் அவருக்கு ஒத்துவரவில்லை. தன் கையால் ஓடுகிற மீன் எதற்காகத் தள்ளாட வேண்டும்? புதனும் வியாழனும் அவர் தன் முறைப்படியே இழுத்தார். ஜெனாட் இரண்டு பைக் பிடித்துத் திரும்பத் தண்ணீரில் விட்டார். ஒன்றைத் தரட்டுமா என்று கேட்கக்கூட அவருக்குத் துணிவு வரவில்லை. பஸ்ரியனுடைய முகம் அப்படி இருந்தது.

வியாழன் பின்னேரம் ஐஸ்கட்டி எடுக்கக் குளிர்ப்பெட்டியைத் திறந்த பஸ்ரியன், பட்டாணிப் பையின் கீழே ஒரு பொட்டலத்தைக் கண்டார். அறக்குளா. கடலில் பிடித்து, துண்டு துண்டாக வெட்டி உறையவைத்த கடைமீன்.

"இது ஆருக்கு?"

"வீட்டிலை கிடக்கட்டும் எண்டு வாங்கினனான்," என்றார் மக்டலீன். பிறகு மெதுவாக, "நாளைக்குப் பத்து மணிக்கு முன்னம் நீங்கள் மீனோடை வந்தால் உது வெளியிலை வராது," என்றார்.

பஸ்ரியன் பொட்டலத்தைப் பட்டாணிப் பையின் கீழேயே திரும்ப வைத்தார். மேசைக்கு அறக்குளா வந்தால் சூசைதாசன் முதல் வாயிலேயே கண்டுபிடித்துவிடுவார். மகளைக் கொடுக்கும் வீட்டின் முதல் சொல்லே பொய்யாகிவிடும்.

வெள்ளி காலை, ஜெனாட்டைக் கூப்பிடாமல், பஸ்ரியன் தனியாகப் போனார். சம்பந்தி வீட்டுக்கு வருகிற நாளில் கசங்கிய உடுப்போடு வெளிக்கிடுவது அவர் வழக்கமல்ல. நல்ல கோட்டும் தொப்பியும் போட்டு, கால்களுக்கு மட்டும் ரப்பர் பூட்ஸ் அணிந்திருந்தார். குடாவின் தண்ணீர் அசைவில்லாமல் கிடந்தது. நாணலுக்கு வெளியே பாசி பழுத்து மஞ்சளாகி, அதன் விளிம்பில் தண்ணீர் சட்டென்று கறுத்தது. அந்த விளிம்போடு எறிய வேண்டும் என்பதை மட்டும் ஜெனாட்டிடமிருந்து எடுத்துக்கொண்டிருந்தார்.

எறிந்தார், இழுத்தார். மறுபடி எறிந்தார். வெயில் நாணல் தலைக்கு மேலே வந்த நேரத்தில், பொய்மீனுக்குப் பின்னால் ஒரு நிழல் வருவதைக் கண்டார். கைநீளத்துக்கும் மேலே. அது அவசரமில்லாமல் அவர் கால்வரை பின்தொடர்ந்து வந்து, அங்கே நின்று, அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போயிற்று. அடுத்த எறிதலிலும் வந்தது. அப்படியே பார்த்தது, அப்படியே போயிற்று. பெண் பார்க்க வந்து, பலகாரத்தைத் தொடாமல் எழும்பிப் போனவர்களைப் போல இருந்தது பஸ்ரியனுக்கு.

மூன்றாம் முறை எறிந்து, பாதி தூரம் இழுத்திருப்பார். கரைப் பாதையில் காலடிச் சத்தம் கேட்டது. திரும்பாமல் கடைக்கண்ணால் பார்த்தார். நீல மேற்சட்டை, கம்பளித் தொப்பி, இரண்டு கையையும் வீசி நடக்கிற உயர்ந்த உருவம். தொலைபேசிப் படத்தில் ஸ்டெபனி காட்டிய அதே மூக்கு.

சூசைதாசன் காலையில் எங்கே நடக்கிறவர் என்று பஸ்ரியன் விசாரித்திருக்கவில்லை. பிக்கரிங்கில் வீடு என்பது தெரியும். பிக்கரிங் பெரிய இடம் என்று விட்டுவிட்டார்.

அவருக்கு இரத்தம் முழுவதும் காதுக்கு ஏறியது. மத்தியானம் விருந்து வைக்கப்போகிறவர், காலையில் சேற்றில் நின்று அந்த விருந்தைத் தேடுகிறார். இதைக் கண்ட மனிதர் என்ன நினைப்பார்? ஓட முடியாது, ஒளிக்க முடியாது. பஸ்ரியன் செய்யத் தெரிந்ததைச் செய்தார். முதுகை நிமிர்த்தி, றீலிலிருந்து கையை எடுத்து, தூண்டிலுக்கும் தனக்கும் சம்பந்தமில்லாததுபோல ஏரியைப் பார்த்தபடி கம்பம் மாதிரி நின்றார். கையை எடுத்த பதற்றத்தில் தடி நுனி இரண்டு தரம் துடித்து அடங்கியது. உதட்டுக்குள்ளே, இந்த மனிதர் என்னைக் காணாமல் கடந்து போகட்டும் என்று மாதாவை மன்றாடி, அருள்நிறை மந்திரத்தைச் சொல்லத் தொடங்கினார். நன்றாகவே சொன்னார். அவசரப்படவில்லை.

காலடிச் சத்தம் நின்றது. மந்திரம் முக்கால்வாசி போயிருந்தது.

அப்போது தடி கையிலிருந்து பிடுங்கப்படுவதுபோல வளைந்தது. கறுத்த தண்ணீர் உடைந்து, வெண்மையாக ஒரு வயிறு புரண்டது. றீல் கிறீச்சிட்டது. பஸ்ரியனுடைய தொப்பி தண்ணீரில் விழுந்தது. அவர் அதைப் பார்க்கவில்லை.

மீன் பாசிக்குள் ஓடப் பார்த்தது, அவர் தடியைச் சாய்த்துத் திருப்பினார். கால் சேற்றில் முழங்கால்வரை இறங்கியது. கரைக்குக் கிட்ட வந்ததும் மீன் மறுபடி இழுத்தது. மீனை அள்ளும் அத்தாங்கு வலை அவருக்குப் பின்னால் புல்லில் கிடந்தது. எட்டவில்லை. மேலே பாதையில் சூசைதாசன் நிற்கிறார், இறங்கட்டுமா வேண்டாமா என்று தெரியாமல். கூப்பிடாத இடத்தில் கைவைக்கிற ஆள் அவரும் அல்லர் போலும்.

விருந்தாளிக்கு வைக்கிற மீனில் அவருடைய கையே படலாமா? பஸ்ரியன் அந்தக் கேள்வியைக் கேட்டுப் பார்த்தார். மீன் பதிலுக்கு நிற்கவில்லை, கம்பி பல்லில் உரசியது.

"சம்பந்தி," என்றார், திரும்பாமலே. "உந்த அத்தாங்கை ஒருக்கா எடுத்துக்கொண்டு வாங்கோ."

இன்னும் ஒன்றும் பேசி முடிக்கவில்லை, வெற்றிலை மாற்றவில்லை. அந்தச் சொல் தானாக வந்துவிட்டது. சூசைதாசன் வெள்ளைச் சப்பாத்தோடு அப்படியே சேற்றில் இறங்கினார். மீனின் தலைக்குக் கீழே அத்தாங்கைக் கொடுத்து ஒரே தூக்கில் எடுத்தது மன்னார்க் கை. இரண்டு பேரும் புல்லில் உட்கார்ந்து மூச்சு வாங்கினார்கள். நடுவில் மீன் கிடந்தது, பச்சையும் பொன்புள்ளியுமாக. பொய்மீன் அதன் வாய்க்குள் முழுதாகப் போயிருந்தது.

"அந்தரப்படாமல் நிண்டியள்," என்றார் சூசைதாசன், உண்மையான மதிப்போடு. "ஆள் வாறது தெரிஞ்சும் திரும்பிப் பாக்கேல்லை. எனக்கெண்டால் அந்தப் பொறுமை இல்லை. றீலைச் சுத்திக்கொண்டே இருப்பன்."

பஸ்ரியன் தொண்டையைச் செருமினார். மறுத்துப் பேசுவதற்கு அது நேரமாகப் படவில்லை.

சூசைதாசன் எழும்பி, நனைந்த தொப்பியை எடுத்துப் பிழிந்து கொடுத்தார். பிறகு தன் சப்பாத்தைப் பார்த்தார்.

"நான் இண்டைக்கு இந்தப் பக்கம் நடக்க வரேல்லை எண்டு வைச்சுக்கொள்ளுங்கோ," என்றார். "மீன் நீங்கள் பிடிச்சது. அத்தாங்கு கணக்கில்லை."

பத்து மணிக்கு முன்னமே பஸ்ரியன் வீட்டுக்குள் நுழைந்தார். மக்டலீன் மீனையும் பார்த்தார், கோட்டில் இருந்த சேற்றையும் பார்த்தார், பிறகு அருவாளைத் தீட்டினார். நடுத்துண்டு குழம்புக்கு, வால் பக்கம் பொரியலுக்கு, தலை சொதிக்கு. குளிர்ப்பெட்டி திறக்கப்படவில்லை.

மத்தியானம் சூசைதாசனும் மனைவி வேரோனிக்காவும் நிசாந்தனும் வந்தார்கள். சூசைதாசன் கறுத்தச் சப்பாத்து போட்டிருந்தார். முதல்முறை சந்திக்கிறவரைப் போலப் பஸ்ரியனுடைய கையைப் பிடித்துக் குலுக்கினார். மீன் மேசைக்கு வந்ததும் எந்த ஏரியில் பிடித்தது என்று முகத்தில் ஒரு கோடு அசையாமல் கேட்டார். பஸ்ரியனும் அசையாமல் பதில் சொன்னார். அன்று அந்த மேசையில் எல்லாரையும்விட நிமிர்ந்து இருந்தவர்கள் அந்த இரண்டு பேரும்தான்.

வேரோனிக்கா குழம்பைத் தொட்டுப் பார்த்துவிட்டு இரண்டாம் தரமும் போட்டுக்கொண்டார். நல்ல நாள் ஒன்று பார்த்து, தையில் நிச்சயம் செய்வது என்று பேச்சு தடங்கலில்லாமல் ஓடியது. ஸ்டெபனியும் நிசாந்தனும் தங்களுக்குள் ஆங்கிலத்தில் ஏதோ சொல்லிச் சிரித்தார்கள். ஒரேயொரு இடத்தில்தான் மக்டலீன் நிமிர்ந்து பார்த்தார். முதல் துண்டைப் பிட்டபோதே சூசைதாசன் மனைவியிடம், "கவனம், இந்தச் சைஸ் மீனிலை கவட்டு முள்ளு கன இருக்கும்," என்று சொல்லிவிட்டார். அவருக்கு முன்னால் இருந்தது ஒரு சின்ன வால் துண்டு. மீனின் சைஸ் அவருக்கு எப்படித் தெரிந்தது என்று மக்டலீன் கேட்கவில்லை. புருசனுக்கு இன்னொரு கரண்டி சோறு போட்டார்.

சாப்பாடு முடிந்து எழும்பும்போது சூசைதாசன் கதிரையைப் பின்னால் தள்ளி, எல்லாருக்கும் கேட்கச் சொன்னார்.

"வாற வெள்ளிக்கிழமை நீங்கள் பிக்கரிங்குக்கு வரவேணும். எங்கடை வீட்டிலையும் சம்பந்திக்குக் கடைமீன் வைக்கிற வழக்கம் இல்லை."

வேரோனிக்கா புருசனைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வையைப் பஸ்ரியன் உடனே அடையாளம் கண்டுகொண்டார். ஞாயிற்றுக்கிழமை தன் வீட்டுக் குசினியில் அதே பார்வையை வாங்கியவர் அல்லவா?

மற்றவர்கள் காருக்குப் போன பிறகு, வாசலில் சப்பாத்து மாட்டக் குனிந்த சூசைதாசன் நிமிராமலே மெதுவாகக் கேட்டார்.

"அந்தப் பொய்மீனை ஒருக்கா இரவல் தருவியளோ?"

"தாறன்," என்றார் பஸ்ரியன். "அத்தாங்கு பிடிக்கவும் வாறன். ஆனால் சுத்திக்கொண்டே இருக்கக்கூடாது, சம்பந்தி. ரெண்டு சுண்டு சுண்டிப்போட்டு, ஒரு அருள்நிறை மந்திரம் முழுசாச் சொல்லி முடியுமட்டும் நிக்க வேணும். எங்கடை குடும்பத்திலை அப்பிடித்தான்."