சூட்டு மாத்திரை

இந்தக் காலத்து ஆட்களுக்குக் கூச்சம் என்பதே கிடையாது. பஸ் வந்து நிற்பதற்குள் ஜன்னல் வழியாகத் துண்டை வீசிவிடுகிறார்கள். துண்டு போட்டவன் கீழே நின்று சாவகாசமாக டீ குடிப்பான். முடியாதவர்கள் காலியாகக் கிடக்கும் சீட்டைப் பார்த்துக்கொண்டே நிற்க வேண்டும். புதுச்சேரியில் விருத்தாசலம் பஸ்ஸில் ஏறிய விருத்தகிரிக்கு அன்று அது பொறுக்கவில்லை. ஒரு நீலத் துண்டை எடுத்து வெளியே எறிந்துவிட்டு, மனைவி பாஞ்சாலையை அங்கே உட்காரவைத்தார்.

துண்டுக்காரன் ஓடிவந்தான். "யோவ் பெருசு, எடம் புடிச்சி வச்சிருக்கிறது தெரியல?"

"துண்டுக்கா டிக்கெட்டு எடுப்ப? முதுகு வலியில துடிக்கிறா பொம்பள. வேணும்னா என்னத் தூக்கி வெளிய போடு."

"ஏங்க, கம்முனு வாங்க" என்றாள் பாஞ்சாலை. அவன் முனகிக்கொண்டே படிக்கட்டுப் பக்கம் போனான். விருத்தகிரியின் அண்ணன் மகள் வாசுகி, சித்திக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவர் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

மூவரும் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்புகிறார்கள். பாஞ்சாலைக்கு மார்பில் வந்த புற்றுநோய்க் கட்டியை இரண்டு வருஷத்துக்கு முன் அறுத்து எடுத்தது அங்கேதான். அது இப்போது முதுகெலும்புக்குப் போய்விட்டதாகக் காலையில் டாக்டர் சொல்லிவிட்டார். "தினமும் ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்தேனே, விடாம சாப்பிட்டீங்களா?" என்று அவர் கேட்டதற்கு, "சாப்ட்டேங்க" என்றாள் பாஞ்சாலை. விருத்தகிரி தரையைப் பார்த்தார்.

கடலூர் தாண்டியதும் வாசுகி மெதுவாகக் கேட்டாள். "சித்தி, நெசமாவே சாப்ட்டீங்களா?"

அவள் சென்னையில் மருந்து ஆராய்ச்சி செய்கிறவள். அவளிடம் பொய் நிற்காது.

"அதச் சாப்ட்டா ஒடம்பு குப்புனு எரியும்டி. கழுத்தெல்லாம் வேர்த்து ஊத்தும். சூட்டு மாத்திரைன்னு உங்க சித்தப்பா தூக்கிக் குப்பையில போட்டுட்டாரு. போன தையில." பாஞ்சாலை சிரிக்கப் பார்த்தாள். "எம் பெரிய டாக்டரு."

விருத்தகிரி செராமிக் கம்பெனியில் ஆயுசு பூராவும் சூளை பார்த்தவர். நெருப்பின் நிறத்தைப் பார்த்தே சூட்டைச் சொல்லிவிடுவார். கொஞ்சம் கூடினாலும் உள்ளே வேகும் பீங்கான் பொம்மைகள் வெடித்துப் போகும். அறுத்துத் தேறிய உடம்பைத் தினமும் இப்படிக் கொதிக்கவிட அவருக்கு மனசு வரவில்லை. நோயைத்தான் வெட்டி எறிந்தாயிற்றே, அப்புறம் எதற்கு மாத்திரை? கடைக்காரனுக்கும் டாக்டருக்கும் ஏதோ ஏற்பாடு என்று நினைத்தார். ஊறவைத்த வெந்தயமும் மோரும் கொடுத்தார். கொஞ்ச நாளில் எரிச்சல் நின்றது. அவள் நிம்மதியாகத் தூங்கினாள். டாக்டருக்குத் தெரியாதது தனக்குத் தெரிந்துவிட்டது என்று தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

வாசுகி அவர் பக்கம் திரும்பினாள். பிறகு சொன்னாள்: "சித்தப்பா, ஒடம்புல இருக்கிற செல்லுங்களுக்குள்ள சீட்டு மாதிரி ஒண்ணு இருக்குது. பொம்பளைங்க ஒடம்புல சுரக்கிற ஹார்மோன் அதுல வந்து உக்காந்து, 'வளரு'ன்னு சொல்லும். சித்திக்கு வந்த கட்டி அந்தப் பேச்சக் கேட்டுத்தான் வளந்துச்சு. மாத்திரை முன்னாடியே போயி எடம் புடிச்சிக்கும். அந்த ஆளு துண்டு போட்டான்ல, அந்த மாதிரி. ஒடம்பு எரிஞ்சதே மாத்திரை வேலை செஞ்சதாலதான்."

விருத்தகிரி திரும்பிப் பார்த்தார். துண்டுக்காரன் படிக்கட்டில் தொங்கிக்கொண்டு வந்தான்.

பாஞ்சாலை பேச்சை மாற்றினாள். "நீ படிக்கிறதும் இந்தச் சீட்டுதானா?"

"நான் பாக்குறது யாரு வந்து உக்காருவாங்கன்னே தெரியாத சீட்டு, சித்தி. அநாதைன்னே பேரு வச்சிருக்காங்க. ஆளு யாருன்னு தெரிஞ்சிட்டா சக்கரைக்கு, கொழுப்புக்குன்னு புதுசா மருந்து செய்யலாம்."

"நல்ல படிப்புடி. காலி சீட்டுக்குக் காவலு."

வேறொரு நாளாக இருந்தால் விருத்தகிரியும் சேர்ந்து கிண்டலடித்திருப்பார். "எரியும்னு அந்த டாக்டரு ஏன் முன்னாடியே சொல்லல?" என்று கேட்டார்.

"சொல்லியிருக்கணும் சித்தப்பா."

"நான் நிறுத்தலன்னா இது வந்திருக்காதா?"

"அப்படிச் சொல்ல முடியாது. விடாம சாப்ட்டவங்களுக்கும் திரும்ப வந்திருக்குது. உங்களாலதான்னு யாராலயும் சொல்ல முடியாது."

"வராமலும் இருந்திருக்குமில்ல?"

வாசுகி ஜன்னலைப் பார்த்தாள். "இருந்திருக்கலாம்."

வடலூரில் சீட்டு காலியானது. அவர் உட்காரவில்லை. கம்மாபுரம் தாண்டியும் கம்பியைப் பிடித்துக்கொண்டே நின்றார்.

விருத்தாசலத்தில் இறங்கியதும் வாசுகி ஆட்டோ பிடித்தாள். டாக்டர் மாற்றிக் கொடுத்த புது மாத்திரைகள் விருத்தகிரியின் சட்டைப் பையில் இருந்தன. எடுத்துப் பாஞ்சாலையிடம் நீட்டினார்.

"எங்கிட்ட எதுக்கு? எப்பவும் நீங்கதான எடுத்துக் குடுப்பீங்க?"

"உங்கிட்டயே இருக்கட்டும். எரிஞ்சாலும் போடு. நான் சொன்னாலும் கேக்காத."

வாசுகி அவர் கையைப் பிடித்தாள். "சித்தப்பா, மனசப் போட்டு உழப்பிக்காதீங்க. உங்க மேல தப்பில்ல. டாக்டரக் கேட்டாலும் இதத்தான் சொல்லுவாரு."

"டாக்டரு சொன்னத நான் என்னைக்கிடி நம்பியிருக்கன்?"

பாஞ்சாலை ஆட்டோவில் ஏற முடியாமல் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவளைத் தாங்கி ஏற்றிவிட்டார். அவளுக்கு இடிக்காமல் மெதுவாக ஓட்டும்படி டிரைவரை அதட்டினார்.

"நீங்களும் ஏறுங்க" என்றாள் பாஞ்சாலை.

"நீங்க வூட்டுக்குப் போங்க. நான் நடந்து வரேன்."

"அவ சொல்றதக் கேளுங்க. படிச்ச புள்ள."

"கேட்டன்" என்று சொல்லிவிட்டு, விருத்தகிரி ஜங்ஷன் ரோட்டில் வெயிலோடு நடக்கத் தொடங்கினார். தன் மேல் தப்பில்லை என்று வாசுகி சொன்னதில் ஒரு வார்த்தையைக்கூட அவர் நம்பவில்லை.