இளமாறனின் முதுகு

என் கணவர் மரியஜானின் முதுகைப் பார்க்காத சினிமா ரசிகர்கள் குறைவு. முகத்தைப் பார்த்தவர்கள் எங்கள் கடியப்பட்டணத்துக்காரர்கள் மட்டும்தான். 'தீவு வேட்டை' என்று பாகம் பாகமாக ஒரு படம் வருகிறதே, அதில் இளமாறன் பாறையிலிருந்து கடலில் குதிக்கும்போதும் கப்பல் கயிற்றில் ஏறும்போதும் தெரிகிற முதுகு இவருடையது. அப்புறம் திரும்பி நின்று சிரிக்கிற முகம், நடிகர் வசந்தரூபனுடையது.

முதல் பாகம் எடுக்க எங்கள் ஊர்ப் பாறைக்கு வந்தபோது, சென்னையிலிருந்து வந்த டூப், அலையைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டானாம். கரையில் வலை உதறிக்கொண்டிருந்த இவர், "நான் சாடட்டா?" என்று கேட்டிருக்கிறார். சாடுவது என்றால் குதிப்பது; அது இங்கே சின்னப் பிள்ளைகளுக்கும் வரும். நடப்பதுதான் கஷ்டம். வசந்தரூபன் இடது தோளைத் தாழ்த்தி, நுனிக்காலை ஊன்றித் துள்ளித் துள்ளி நடப்பவர். அந்த நடையை இவர் மணலில் நாள்கணக்காகப் பழகினார். பழகியது ஒட்டிக்கொண்டது. கல்யாணத்தன்று பீடத்துக்கு என் பக்கத்தில் நடந்து வந்ததே இளமாறன்தான். சந்தைக்கு மீன் வாங்கப் போனாலும், நற்கருணை வாங்கப் போனாலும் இளமாறன். இவருடைய சொந்த நடை என்னவென்று கட்டிக்கொண்ட எனக்கே தெரியாது.

நான்கு பாகத்தையும் பலமுறை பார்த்தவள் என்ற உரிமையில் சொல்கிறேன், அந்தக் கதையில் காலம் என்ற ஒன்றே கிடையாது. முதல் பாகத்தில் இளமாறன் கல்லூரியை முடித்துவிட்டு வருகிறான். நான்காம் பாகத்திலும் அம்மாக்காரி பெண் பார்த்துக்கொண்டே இருக்கிறாள். மூன்றாம் பாகத்தில் சுறா கடித்துப் போன காது, நான்காம் பாகத்தில் முளைத்துவிட்டது. கடலில் தொலைந்த அப்பா ஒருவழியாகக் கிடைக்கிறார். அப்பாவாக நடித்தவருக்கு மகனைவிட வயது குறைவு! தியேட்டரில் நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். இவர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். இவர் இளமாறன் கட்சி.

அங்கே நின்ற காலம் எங்கள் வீட்டில் நிற்கவில்லை. இரண்டு பெண்களைக் கட்டிக்கொடுத்தாகிவிட்டது. பாறையில் சாடிச் சாடி இவருடைய வலது மூட்டு தேய்ந்தது. போன வருஷம் நெஞ்சில் அடைப்பு வந்து நாகர்கோவிலில் ஸ்டென்ட் வைத்தார்கள். இனி குளத்தில்கூடக் குதிக்கக் கூடாது என்று டாக்டர் கண்டித்துச் சொன்னார். மூட்டு போனதும் அந்தத் துள்ளல் நடையும் போனது. கடற்கரைப் படிகளில் இப்போது பக்கவாட்டில்தான் இறங்குவார். ஒரு கை தொடையில். நல்ல காலை முதலில் மடித்து, வலிக்கிற காலைக் கீழ்ப்படியில் வைத்து, மற்றதை அதன் பக்கத்தில் கொண்டுவந்து சேர்த்து, ஒரு மூச்சு விட்டு, அடுத்த படி. சொன்னால் சிரிப்பீர்கள், எனக்கு அந்த நடையைப் பிடித்திருந்தது. இத்தனை வருஷம் வீட்டில் குடியிருந்த வசந்தரூபன் போய், என் மனுஷன் வந்த மாதிரி இருந்தது.

அப்போதுதான் ஐந்தாம் பாகத்துக்கு அழைப்பு வந்தது. கதைப்படி இளமாறனுக்கு இன்னும் முப்பது தாண்டவில்லையாம். முகத்தைக் கம்ப்யூட்டரில் சின்ன வயசாக்கிவிடுவார்களாம். முதல் பாகத்தில் சாடிய அதே பாறையிலிருந்து அதே சாட்டம் வேண்டுமாம். வேறு ஆளை வைத்துப் பார்த்தார்கள், முதுகு ஒத்துப்போகவில்லை, மரியாவைக் கூப்பிடுங்கள் என்று வசந்தரூபனே சொன்னாராம். இவர் போனிலேயே சரி சொல்லிவிட்டார். மூட்டைச் சொல்லவில்லை, நெஞ்சைச் சொல்லவில்லை.

நான் கத்தினேன். அழுதேன். எங்கள் கோயில் இராயப்பர் மேல் ஆணையிட்டேன். இவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, மெதுவாகத்தான் சொன்னார்.

"அது எனக்க முதுகாக்கும். அந்தப் பாறையில இன்னொருத்தனுக்க முதுகு நின்னா, நான் பின்ன யாருட்டீ?"

நியாயமான பேச்சுதான். நியாயம் என்பதற்காக மனுஷனைக் கடலுக்குக் கொடுக்க முடியுமா?

படப்பிடிப்பு அன்று காலையில் எனக்குச் சொல்லாமலே கிளம்பிப் போய்விட்டார். நான் அடுப்பை அணைத்துவிட்டு ஓடினேன். பாறைக்கு மேலே கேமரா, குடை, ஊர்க்கூட்டம். இவருக்கு இளமாறனின் நீலச் சட்டையைப் போட்டு, நரைத்த தலைக்கு விக் வைத்திருந்தார்கள். வயிற்றைச் சுற்றித் துணியை இறுக்கிக் கட்டியிருந்தார்கள். பத்து வருஷம் கழித்துப் பார்க்கிற வசந்தரூபன் இவர் கையைப் பிடித்துக்கொண்டு, உடம்பெல்லாம் நல்லா இருக்கா என்று விசாரித்துக்கொண்டிருந்தார். "நல்லா இருக்கு அண்ணே" என்று இவர் சிரித்தார். அந்தப் பொய்தான் எனக்குத் தாங்கவில்லை.

நான் நேரே வசந்தரூபனுக்கு முன்னால் போய் நின்றேன்.

"உங்களுக்க மூஞ்சிய கம்ப்யூட்டர்ல சின்ன வயசாக்குவிய. இவியளுக்க நெஞ்சில கம்பி வச்சிருக்கே, அத என்ன செய்விய?"

இவர் என்னைப் பார்க்கவில்லை, காலடியைப் பார்த்தார். ஊர் முன்னால் என் மனுஷனை அம்மணமாக்கிவிட்ட மாதிரி எனக்கு உடம்பெல்லாம் கூசியது. ஆனாலும் நகரவில்லை. உயிரோடு கோபித்துக்கொள்ளட்டும் என்று நின்றேன்.

வசந்தரூபன் உதவியாளர்களை அப்பால் போகச் சொல்லிவிட்டு, குரலைத் தாழ்த்தினார்.

"எத்தனை ஸ்டென்ட் வச்சிருக்காங்க மரியா?"

"ஒண்ணு."

"எனக்கு ரெண்டு. வெளியில யாருக்கும் தெரியாது."

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். இவருக்குத்தான் முதலில் சிரிப்பு வந்தது. விக் நழுவ நழுவச் சிரித்தார். எனக்கு அழுகை வந்தது.

இவர் சட்டையைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் பாறைப்படியில் இறங்க ஆரம்பித்தார். பக்கவாட்டில், தொடையில் கை ஊன்றி, ஒரு மூச்சு விட்டு, அடுத்த படி. வசந்தரூபன் மேலே நின்று அதையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கும் மூட்டு போய்விட்டது, இறங்குவதென்றால் இரண்டு பேர் தாங்க வேண்டும் என்று பிறகுதான் தெரிந்தது.

"மரியா, நில்லு. இது யாரோட நடை?"

"இது எனக்க நடை அண்ணே."

"எனக்குச் சொல்லிக்குடு."

டைரக்டர் பையன் பதறிப்போனான். கதையில் இளமாறனுக்கு வயதே ஆகவில்லையே, ஜனங்கள் எப்படி ஒத்துக்கொள்வார்கள் என்று கேட்டான். என்னைவிடச் சின்னவரை எனக்கு அப்பா என்றபோது ஒத்துக்கொண்ட ஜனங்கள்தானே என்றார் வசந்தரூபன். என் வாயில் இருந்ததை அவர் சொல்லிவிட்டார். கதையை மாற்றி எழுதச் சொன்னார். நான்கு நாள் படப்பிடிப்பு நின்றது. அந்த நாள்களில் காலையில் அவர் எங்கள் வீட்டுக்கு வருவார். இரண்டு பேரும் கடற்கரைப் படியில் இறங்குவார்கள், ஏறுவார்கள். "தொடையில கைய ஊணுங்க அண்ணே. பைய. மூச்சு விட்டுட்டு" என்று இவர் சொல்ல, அவர் செய்வார். நான் இருவருக்கும் உப்பில்லாத கஞ்சி காய்ச்சி வைத்தேன்.

படம் வந்ததும் நாகர்கோவிலுக்குப் போய்ப் பால்கனியில் உட்கார்ந்து பார்த்தோம். நரைத்த இளமாறன் பாறையிலிருந்து இறங்குகிறான். முதலில் முதுகு. அதுவும் இந்தமுறை வசந்தரூபனுடையதுதான். ஆனால் பக்கவாட்டில், தொடையில் கை ஊன்றி, ஒரு மூச்சு விட்டு அவன் இறங்கியபோது நான் இவருடைய கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். என் வீட்டு நடை. அந்த நடைக்குத் திரையில் கடைசியாக ஒரு முகமும் கிடைத்துவிட்டது.

படம் முடிந்து தியேட்டர் படியில் இவர் வழக்கம்போல இறங்கினார். பின்னால் வந்த இளவட்டங்களில் ஒருவன் அடுத்தவனிடம் சொன்னான்:

"ஏலே, அந்தத் தாத்தாவப் பாரு. படம் பாத்த கையோட இளமாறன் மாதிரி எறங்குதாரு."

எனக்கு வந்ததே கோபம். நாலு வார்த்தை கொடுக்கலாம் என்று திரும்பினேன். இவர் என் முந்தானையைப் பிடித்து இழுத்தார்.

"விடுட்டீ" என்றார். முகமெல்லாம் சிரிப்பு.

அடுத்த படியில் வேண்டுமென்றே கொஞ்சம் நின்று, தொடையில் கையை நன்றாக ஊன்றி, அவர்கள் எல்லோரும் பார்க்கட்டும் என்று மெதுவாக இறங்கினார்.