பாதி தூரத்தில் நிலா

மூன்றாம் தடவையும் கல்குலேட்டரைத் தட்டிவிட்டு, "நிலா பாதி தூரத்துலதான்ப்பா இருக்கு" என்றாள் என் மகள் அஷ்வினி. பாடசாலைக் கண்காட்சி நாளை மறுநாள். நாள் முழுக்கக் கட்டுகஸ்தோட்டைக்கும் கண்டிக்குமாக ஆட்டோ ஓட்டிவிட்டுப் பசியோடு உட்கார்ந்திருந்த எனக்குச் சுள்ளென்று வந்தது. "அது இருக்கிற இடத்துலதான் இருக்கும். நீ கணக்கை ஒழுங்காப் போடு."

விஷயம் இவ்வளவுதான். ஒரு கண்ணை மூடி விரலைப் பார்த்து, பிறகு மறு கண்ணை மூடிப் பார்த்தால், பின்சுவரில் விரல் இடம் மாறித் தெரியும். கிட்ட இருந்தால் கூடுதலாக மாறும்; மாறுகிற அளவை வைத்துத் தூரத்தைக் கணக்குப் போடலாம். எங்கள் ஊர் குண்டசாலை ஒரு கண், குவைத் மறு கண், நிலாதான் விரல். சுவருக்குப் பதிலாக, நேற்று நிலாவை ஒட்டி நின்ற வியாழன் கிரகம். இங்கே எட்டரை ஆகும்போது அங்கே ஆறு. அந்த நேரத்தில் இவள் இங்கிருந்தும், இவள் அம்மா ஜெயராணி அங்கிருந்தும் போனில் படம் எடுக்க வேண்டும். 'சரியா ஆறு மணிக்கே எடுத்துட்டேன்' என்று ஜெயராணி படத்தை அனுப்பியிருந்தாள்.

அவளுக்கு அங்கே வீட்டு வேலை. நல்ல மேடம், போன் எப்பவும் கையில், நினைத்தால் வெளியே போகலாம் என்றுதான் இத்தனை வருஷமும் சொல்லியிருக்கிறாள். அதை நம்பி இன்னும் இரண்டு வருஷத்துக்கு ஒப்பந்தம் போடச் சொல்லியிருந்தேன். நாளைக்குக் கையெழுத்து.

"கணக்கு சரிப்பா" என்றாள் அஷ்வினி. "ஒரு மணித்தியாலத்துல நிலா தன்னோட அகலம் அளவுக்கு நகரும். அம்மா படத்துல அந்தளவு கூடுதலாத் தள்ளி நிக்குது, அதான் தூரம் பாதியா வருது. அம்மா ஒரு மணித்தியாலம் பிந்தித்தான் எடுத்திருக்காங்க. அப்புறம் ஏன் ஆறு மணின்னாங்க?"

ஜெயராணி பேசுகிற நேரம்தான். போனை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனேன்.

"ஆறு மணிக்கா எடுத்த?"

"ஆமாங்க, ஆறுக்குத்தான்."

"பொய் சொல்லாத ஜெயா. நிலா காட்டிக் குடுத்துருச்சு."

அந்தப் பக்கம் பாத்திரம் கழுவுகிற தண்ணீர்ச் சத்தம் நின்றது.

"கதவு பூட்டியிருந்திச்சுங்க. சாவி மேடம்கிட்ட. குப்பை போடத்தான் வெளிய விடுவாங்க, நேத்து அதுக்கு ஏழாயிருச்சு. போனும் அவங்ககிட்டதான் இருக்கும், இப்பிடிப் பேசுற நேரம் மட்டுந்தான் தருவாங்க. கெஞ்சி வாங்கிட்டுப் போய் எடுத்தேன். புள்ளைக்கிட்ட சொல்லிறாதீங்க."

வாசல்படியில் உட்கார்ந்தேன்.

"எவ்வளவு தூரம் வந்திச்சாம்?" என்று அவளே கேட்டாள்.

"பாதிதான்."

"பாதியா?" சிரித்தாள். "அப்ப கிட்டத்தானே."

பின்னால் ஒரு பெண் குரல் அரபியில் அதட்டியது. லைன் போய்விட்டது.

'சைன் வைக்காத. வந்துரு' என்று எழுதி அனுப்பினேன். போய்ச் சேர்ந்தால் இரண்டு டிக் விழும். ஒன்றுதான் விழுந்தது. "அப்பா, அப்ப நான் என்னத்த எழுத?" என்று உள்ளேயிருந்து அஷ்வினி கேட்டாள். அண்ணாந்து பார்த்தேன். வியாழன் நேற்று நின்ற இடத்திலேயே நின்றது. நிலா அதை விட்டு வெகுதூரம் போயிருந்தது. மறுபடி போனைப் பார்த்தேன். இன்னும் ஒன்றுதான்.